கண்ணைக் கொடுத்துப் படம் எடுத்த விண்கலம்!

குழந்தையின் கண்ணில் ஒரு தூசி விழுந்துவிட்டது. குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுகிறது. தாய் ஓடி வருகிறாள். இமையை விரித்துப் பிடித்து மெதுவாக ஊதுகிறாள். தூசி போய்விடுகிறது. குழந்தை சிரிக்கிறது.

பூமியில் இருந்து 14 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், ஆளே இல்லாத வெட்டவெளியில், ஒரு கருவியின் கண்ணில் தூசி விழுந்தால் என்ன ஆகும்? அங்கே ஊதுவதற்குத் தாய் இல்லை. துடைப்பதற்குத் துணியும் இல்லை.

1986-ம் ஆண்டு மார்ச் மாதம் 14-ந் தேதி அப்படித்தான் நடந்தது. தூசி விழுந்தது ஒரு விண்கலத்தின் மீது. அந்த விண்கலத்தின் பெயர் ஜியோட்டோ. தூசியை வாரி இறைத்தது, ஹாலி என்ற வால் நட்சத்திரம்!

76 ஆண்டுக்கு ஒரு விருந்தாளி

வால் நட்சத்திரம் என்பது உண்மையில் நட்சத்திரம் அல்ல. அது பனிக்கட்டியும் தூசியும் கலந்த ஒரு பெரிய உருண்டை. அமெரிக்க வானநூல் அறிஞர் பிரெட் விப்பிள் என்பவர் 1950-ம் ஆண்டில் இதை எடுத்துச் சொன்னார். "அழுக்குப் பனி உருண்டை" என்று அதற்குச் செல்லப் பெயரும் ஏற்பட்டது.

சூரியனுக்கு வெகு தூரத்தில் இருக்கும்போது இந்த உருண்டை உறைந்துபோய்க் கிடக்கும். சூரியனை நெருங்க நெருங்க அதற்குச் சூடு ஏறும். பனிக்கட்டி உருகித் தண்ணீர் ஆவது இல்லை. கற்பூரம் கரைவதுபோல நேராக ஆவியாகிவிடுகிறது. ஆவி பீறிட்டுக் கிளம்பும்போது தூசியையும் இழுத்துக்கொண்டு வருகிறது. வினாடிக்குப் பல டன் வாயுவும் தூசியும் இப்படி வெளியேறும். அந்தத் தூசி மண்டலத்தில் வெயில் படுகிறது. அது பளபளக்கிறது. அதையே மக்கள் தலை என்றும் வால் என்றும் பார்க்கிறார்கள்.

வால் நட்சத்திரங்களில் பெயர் பெற்றது ஹாலி. எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கில அறிஞர் பழைய கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்தவை மூன்று அல்ல, ஒன்றேதான் என்று கண்டுபிடித்தார். "மறுபடியும் 1758-ல் வரும்" என்று சொன்னார். 1742-ல் அவர் இறந்துவிட்டார். அவர் சொன்னபடியே 1758-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அது வானத்தில் தென்பட்டது! அன்று முதல் அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

அது சுமார் 76 ஆண்டுக்கு ஒரு முறை வரும். 1910-ல் வந்தது. அப்போது மனிதனிடம் விண்வெளிக்குப் போகும் ராக்கெட் இல்லை. அடுத்து 1986-ல் வந்தபோது, விருந்தாளியை வாசலுக்கே போய் வரவேற்க மனிதன் தயாராக இருந்தான்.

எதிரும் புதிருமாக!

ஐரோப்பிய விண்வெளிக் கழகம் ஜியோட்டோவைக் கட்டியது. 1985-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி, தென் அமெரிக்காவில் உள்ள கூரூ என்ற இடத்தில் இருந்து அது ஏவப்பட்டது.

ஜியோட்டோ என்பது இத்தாலி நாட்டு ஓவியர் ஒருவரின் பெயர். 1301-ல் ஹாலி வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அவர், ஏசுநாதர் பிறப்பைச் சித்திரமாகத் தீட்டினார். அதில் வானத்து விண்மீனை வால் நட்சத்திரமாகவே வரைந்தார். அந்த நினைவாகவே விண்கலத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள்.

விண்கலம் பார்ப்பதற்கு ஒரு பெரிய பீப்பாய் போல இருக்கும். உயரம் ஏறத்தாழ 3 மீட்டர். சுற்றிலும் சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றும் தகடுகள். பின்புறத்தில் பூமியை நோக்கிய வட்ட ஆன்டெனா. உள்ளே பத்து ஆராய்ச்சிக் கருவிகள்.

வேலை என்ன? வால் நட்சத்திரத்தின் தலைக்குள்ளே புகவேண்டும். நடுவில் இருக்கும் கருவைப் படம் எடுக்கவேண்டும். அதுவரை எந்த மனிதனும் ஒரு வால் நட்சத்திரத்தின் கருவைப் பார்த்தது இல்லை. தூசித் திரை அதை மூடி மறைத்திருந்தது.

இங்கேதான் ஆபத்து காத்திருந்தது.

பூமியும் மற்ற கிரகங்களும் சூரியனை ஒரே திசையில் சுற்றுகின்றன. ஹாலியோ அதற்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது. ஒரே சாலையில் இரண்டு பஸ்கள் எதிரெதிரே பாய்ந்து வந்தால் எப்படி இருக்கும்? ஜியோட்டோவும் ஹாலியும் அப்படித்தான் சந்தித்தாகவேண்டும். இருவருக்கும் இடையே இருந்த வேகம் வினாடிக்கு 68 கிலோமீட்டர்! துப்பாக்கிக் குண்டின் வேகத்தைப் போல 50 மடங்குக்கும் அதிகம்.

அந்த வேகத்தில் தூசி, தூசியாக இருப்பது இல்லை. ஒரு கிராம் எடையுள்ள சிறு துணுக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு புளியங்கொட்டை எடை. அது அந்த வேகத்தில் மோதினால் எவ்வளவு பலம் இருக்கும் தெரியுமா? 10 டன் பாரம் உள்ள லாரி ஒன்று மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம்!

தூசி தரும் மூன்று தொல்லைகள்

வால் நட்சத்திரத் தூசி கருவிகளுக்கு மூன்று வகையில் கேடு செய்யும்.

முதலாவது, துளைப்பது. பெரிய துணுக்கு தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விடும். கம்பிகளை அறுக்கும். கருவியை உடைக்கும்.

இரண்டாவது, தேய்ப்பது. சிறு தூசிகள் ஆயிரக்கணக்கில் மோதும்போது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல ஆகிவிடும். காமிராவின் கண்ணாடி மங்கும். சூரியத் தகடுகள் பாழாகும். மின்சாரம் குறையும்.

மூன்றாவது, ஏமாற்றுவது. மோதிய தூசி ஆவியாகி, மின்சாரம் ஏறிய புகையாக மாறுகிறது. அது அளவு எடுக்கும் கருவிகளின் கணக்கில் கலந்து குழப்பம் செய்கிறது. வெயிலில் மின்னும் தூசி, நட்சத்திரம்போல வேஷம் போட்டு வழி தப்பச் செய்கிறது.

இந்த மூன்றும் வெறும் பயம் அல்ல. மூன்றும் உண்மையிலேயே நடந்தன.

இரட்டைக் கவசம்

துளைக்கும் தூசியை எப்படித் தடுப்பது? கனமான இரும்புச் சுவர் வைக்கலாம். ஆனால் அத்தனை பாரத்தை ராக்கெட் தூக்காது.

இதற்கு வழி சொன்னவரும் அதே பிரெட் விப்பிள்தான்! விண்கலம் எதுவும் பறக்காத 1940-ம் ஆண்டுகளிலேயே அவர் ஒரு யோசனை சொல்லி வைத்திருந்தார். தடிமனான ஒரே சுவர் வேண்டாம். மெல்லிய தகடு ஒன்றை முன்னால் வையுங்கள். கொஞ்சம் இடைவெளி விடுங்கள். பின்னால் இன்னொரு தகடு வையுங்கள். அவ்வளவுதான்.

மண்ணாங்கட்டியை ஓலைத் தட்டி மீது எறிந்தால், அது உடைந்து பொடியாகிச் சிதறும். தட்டிக்குப் பின்னால் நிற்பவன் மீது பொடிதான் விழும், கட்டி விழாது. அதே தத்துவம்தான் இது. தூசி முதல் தகட்டில் மோதிய உடனே சிதறி ஆவியாகிறது. அந்த ஆவி இடைவெளியில் பரவி விரிகிறது. இரண்டாவது தகட்டை அடையும்போது அதற்கு ஒரே இடத்தைத் துளைக்கும் பலம் இருப்பது இல்லை.

ஜியோட்டோவுக்கு அப்படியே செய்தார்கள். முன்னால் 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. அடுத்து ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி. பின்னால் கெவ்லார் என்ற உறுதியான நாரால் செய்த பலகை. குண்டு துளைக்காத சட்டைகளில் வைக்கும் நாரும் இதுதான்.

ஆனால் ஒரு சிக்கல். காமிராவைக் கவசத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தால், அது எதைப் பார்க்கும்? வெளியே வைத்தால் தூசியில் அடிபடும். ஆகவே நடுவழி ஒன்று கண்டார்கள். காமிராவின் முக்கிய பாகங்கள் கவசத்தின் நிழலில் இருந்தன. ஒரு கண்ணாடியும் அதைச் சுற்றிய மறைப்புக் குழாயும் மட்டும் ஓரமாக எட்டிப் பார்த்தன. கதவு இடுக்கு வழியாகக் குழந்தை தெருவைப் பார்ப்பதுபோல!

அந்தக் காமிராவை மேற்கு ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தில், ஊவே கெல்லர் என்ற விஞ்ஞானியின் தலைமையில் தயாரித்தார்கள்.

முன்னே சென்ற தூதர்கள்

ஹாலியைப் பார்க்க ஜியோட்டோ மட்டும் போகவில்லை. சோவியத் நாடு வேகா-1, வேகா-2 என்று இரண்டு கலங்களை அனுப்பியது. ஜப்பானும் இரண்டு கலங்களை அனுப்பியது.

வேகா-1 மார்ச் 6-ந் தேதியும், வேகா-2 மார்ச் 9-ந் தேதியும் ஹாலியின் அருகே பறந்தன. இரண்டும் சுமார் 8,000, 9,000 கிலோமீட்டர் தள்ளித்தான் போயின. அப்படியும் தூசி விடவில்லை. அவற்றின் சூரியத் தகடுகள் பெருமளவு சேதம் அடைந்தன. மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஜப்பானின் சூயிசெய் என்ற கலம் 1 லட்சத்து 51 ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் சென்றது. அவ்வளவு தூரத்திலும் இரண்டு தூசிகள் அதன்மீது மோதி, அதன் சுழற்சியைச் சற்று மாற்றிவிட்டன!

ஜியோட்டோவோ 600 கிலோமீட்டருக்குள் நுழையப் போகிறது. அதன் கதி என்ன?

வேகா கலங்கள் அடிபட்டாலும் ஒரு பெரிய உதவி செய்தன. ஹாலியின் கரு சரியாக எங்கே இருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டின. சோவியத் நாடு அந்தக் கணக்கை ஐரோப்பிய விஞ்ஞானிகளுக்குக் கொடுத்தது. உலகில் இரு தரப்பும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படி இருந்தும், விஞ்ஞானிகள் கைகோத்து நின்றார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் ஜியோட்டோவைக் குறி தவறாமல் செலுத்த முடிந்தது.

அந்த இரவு

மேற்கு ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் என்ற நகரம். ஐரோப்பிய விண்வெளிக் கழகத்தின் கட்டுப்பாட்டு நிலையம் அங்கே இருக்கிறது. மார்ச் 13-ந் தேதி இரவு அங்கு யாருக்கும் தூக்கம் இல்லை. உலகத்தின் பல நாடுகளில் மக்கள் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜியோட்டோ அனுப்பும் சேதியை ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊரில் உள்ள 64 மீட்டர் அகலமான ராட்சத ஆன்டெனா பிடித்துக்கொண்டிருந்தது. சேதி பூமிக்கு வந்து சேரவே சுமார் 8 நிமிடம் ஆகும். அதாவது, டார்ம்ஸ்டாட்டில் "ஆபத்து!" என்று தெரியும்போது, ஆபத்து நடந்து 8 நிமிடம் ஆகியிருக்கும். யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

கருவை நெருங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே முதல் தூசி மோதியது. கவசத்தில் தூசி படும் ஓசையைக் கேட்பதற்கென்றே நுண்ணிய கருவிகள் பொருத்தியிருந்தார்கள். கூரையில் மழைத்துளி விழுவதை எண்ணுவதுபோல, அவை ஒவ்வொரு மோதலையும் எண்ணின. முதலில் ஒன்று, இரண்டு. பிறகு சாரல். கடைசியில் ஆலங்கட்டி மழை!

காமிரா படத்துக்கு மேல் படம் அனுப்பியது. இங்கே தூசி ஒரு தந்திரம் செய்தது. "எது மிக வெளிச்சமாக இருக்கிறதோ, அதையே பார்" என்று காமிராவுக்குக் கட்டளை கொடுத்திருந்தார்கள். கருதான் வெளிச்சமாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் கருவோ கன்னங்கரேல் என்று இருந்தது. அதில் இருந்து பீறிட்ட தூசி ஊற்றுதான் பளபளவென்று மின்னியது. காமிரா கருவை விட்டுத் தூசி ஊற்றின் பக்கமே திரும்பிவிட்டது! நல்லவேளையாக, அதற்கு முன்பே கருவின் படங்கள் வந்து சேர்ந்திருந்தன.

தூரம் 2,000 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. இன்னும் சில வினாடிகள்தான்.

திடீரென்று படம் நின்றது. திரைகள் வெறுமை ஆயின. ஜியோட்டோவின் குரல் அறுந்துவிட்டது.

அறையில் இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். "முடிந்தது, கலம் நொறுங்கிவிட்டது" என்றே பலரும் நினைத்தார்கள்.

தலையாட்டிய பம்பரம்

உண்மையில் நடந்தது என்ன?

ஜியோட்டோ பம்பரம்போலச் சுழன்றுகொண்டே பறக்கும் கலம். நிமிடத்துக்கு 15 சுற்று. அப்படிச் சுழன்றால்தான் அது சாயாமல் நேராக நிற்கும். கருவை மிக நெருங்குவதற்குச் சில வினாடிகளுக்கு முன், ஒரு பெரிய துணுக்கு வந்து மோதியது. "பெரிய" என்றால் பாறை அல்ல. ஒரு கிராம் அளவு இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அவ்வளவுதான்!

சுழலும் பம்பரத்தை ஓரத்தில் தட்டினால், அது விழாது, தலையாட்டும். ஜியோட்டோவும் தலையாட்டத் தொடங்கியது. அச்சு சுமார் ஒரு டிகிரிதான் சாய்ந்தது. ஆனால் அதன் ஆன்டெனாவில் இருந்து வரும் ரேடியோ கதிர் மிகக் குறுகலானது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி சாய்ந்தாலும், கதிர் பூமியை விட்டு விலகிவிடும். டார்ச் லைட்டைப் பிடித்தவன் கை நடுங்கினால் வெளிச்சம் இங்கும் அங்கும் ஆடுவதுபோல, ஜியோட்டோவின் குரல் பூமியின் மீது பட்டும் படாமலும் ஆடியது.

கொஞ்ச நேரத்தில் துண்டு துண்டாகச் சேதி வந்தது. ஜியோட்டோ சாகவில்லை!

கலத்துக்குள் தள்ளாட்டத்தை அடக்கும் சாதனம் இருந்தது. அது மெல்ல மெல்ல ஆட்டத்தைக் குறைத்தது. 32 நிமிடம் கழித்து, குரல் மறுபடி சீராகக் கேட்டது. அதற்குள் ஜியோட்டோ, கருவுக்கு 596 கிலோமீட்டர் தூரம்வரை நெருங்கி, மறுபக்கம் வெளியேறிவிட்டது. மொத்தம் 12,000 தூசி மோதல்களை அது எண்ணியிருந்தது!

கண் போயிற்று, காட்சி கிடைத்தது

காமிரா 2,000-க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியிருந்தது. மனித குலம் முதல் முறையாக ஒரு வால் நட்சத்திரத்தின் கருவை இவ்வளவு அருகில் இருந்து பார்த்தது.

வேர்க்கடலை போன்ற கோணல் வடிவம். நீளம் சுமார் 15 கிலோமீட்டர். வெள்ளைப் பனிபோல இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அது நிலக்கரியைவிடக் கறுப்பாக இருந்தது! மேலே கருந்தூசி படிந்து, பனியை மூடியிருந்தது. வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் வெடிப்புகள் வழியாக ஆவியும் தூசியும் ஊற்றுப்போலக் கிளம்பின.

தூசியைப் பிரித்துப் பார்க்கும் கருவி இன்னொரு அதிசயத்தைச் சொன்னது. பல துகள்களில் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவை நிறைந்திருந்தன. செடி கொடிக்கும் மனித உடலுக்கும் அடிப்படையான பொருள்கள் இவை. கருவிகளை உடைக்க வந்த எதிரி, தன் மடியில் பொக்கிஷத்தை வைத்திருந்தது!

ஆனால் காமிரா அதற்குப் பிறகு ஒரு படமும் அனுப்பவில்லை.

ஜியோட்டோவை உறங்க வைத்துவிட்டு, 1990-ம் ஆண்டில் மறுபடி எழுப்பினார்கள். காமிராவின் மின்சார பாகங்கள் வேலை செய்தன. ஆனால் வெளியே எட்டிப் பார்த்த மறைப்புக் குழாய் தூசியில் அடிபட்டு, பார்வையை மறைத்துவிட்டது. கண் இருந்தும் பார்வை இல்லை.

குருடாகிவிட்ட அந்தக் கலத்தை விஞ்ஞானிகள் ஒதுக்கிவிடவில்லை. 1992-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி, கிரிக்-ஸ்கெல்லரப் என்ற இன்னொரு வால் நட்சத்திரத்தின் அருகே அதை அனுப்பினார்கள். படம் எடுக்க முடியாவிட்டாலும், மற்றக் கருவிகள் அளவு எடுத்தன. குருடன் தடவிப் பார்த்து யானையைச் சொன்னதுபோல் அல்ல. தடவிப் பார்த்தே சரியாகச் சொன்னது ஜியோட்டோ!

தூசியைப் பிடித்த வலை

தூசியைத் தடுத்தால் போதுமா? அதைப் பிடித்துக் கொண்டுவந்தால் என்ன? அமெரிக்கா இதைச் செய்து பார்த்தது.

1999-ல் ஸ்டார்டஸ்ட் என்ற கலம் கிளம்பியது. 2004-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி, வில்ட்-2 என்ற வால் நட்சத்திரத்தின் தலைக்குள் புகுந்தது. ஜியோட்டோவின் பாடம் வீணாகவில்லை. இந்தக் கலத்துக்கும் விப்பிளின் கவசம் உண்டு. காமிரா நேராகத் தூசியைப் பார்க்கவில்லை. நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பதுபோலக் கண்ணாடிகள் வழியாக எட்டிப் பார்த்தது. வேகத்தையும் வினாடிக்கு 6 கிலோமீட்டராகக் குறைத்து வைத்திருந்தார்கள்.

தூசியைப் பிடிக்க டென்னிஸ் மட்டை வடிவத்தில் ஒரு தட்டு இருந்தது. அதில் ஏரோஜெல் என்ற விசித்திரப் பொருளை அடைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு உறைந்துபோன புகைபோல இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வெறும் காற்றுதான். கல்லில் எறிந்த மண் உருண்டை சிதறிவிடும். வைக்கோல் போரில் எறிந்தால் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். அதுபோல, தூசி ஏரோஜெல்லுக்குள் துளைத்துக்கொண்டு போய் அங்கேயே நின்றது.

2006-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி, அந்தத் தூசிப் பெட்டி பாரசூட் மூலம் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் பத்திரமாக இறங்கியது. உயிர்களின் உடலில் புரதம் உண்டாவதற்கு உதவும் கிளைசின் என்ற பொருள் அதில் இருந்ததாக 2009-ல் அறிவித்தார்கள்.

மின்மினிகளிடம் ஏமாந்த கலம்

துளைப்பதும் தேய்ப்பதும் வேகத்தினால் வருகிறது. மெதுவாகப் போனால் தூசியால் தொல்லை இல்லையே என்று தோன்றும். அதற்கும் தூசி ஒரு பதில் வைத்திருந்தது.

ஐரோப்பா அனுப்பிய ரொசெட்டா என்ற கலம், பத்து ஆண்டுகள் பயணம் செய்து, 2014-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ந் தேதி 67பி என்ற வால் நட்சத்திரத்தை அடைந்தது. இது பாய்ந்து ஓடிவிடவில்லை. வால் நட்சத்திரத்தோடு சேர்ந்து, ஊர்வலத்தில் போவதுபோலக் கூடவே பறந்தது. அங்கே தூசி வினாடிக்குச் சில மீட்டர் வேகத்தில்தான் மிதந்து வந்தது. ஓடும் சைக்கிளின் வேகம்தான். தகட்டைத் துளைக்க அதனால் முடியாது.

ஆனால் விண்கலத்துக்கு வழி காட்டுவது எது? நட்சத்திரங்கள்! பழங்காலத்து மாலுமி துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை அறிந்தான். ரொசெட்டாவிலும் நட்சத்திரம் பார்க்கும் சிறு காமிராக்கள் இருந்தன. அவை வானத்தைப் படம் எடுக்கும். தம்மிடம் உள்ள நட்சத்திரப் படத்தோடு ஒப்பிடும். "நான் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறேன்" என்று கலத்துக்குச் சொல்லும்.

2015-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, ரொசெட்டா வால் நட்சத்திரத்தின் தரையில் இருந்து 14 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. சுற்றிலும் தூசி. ஒவ்வொரு தூசியும் வெயிலில் நட்சத்திரம்போல ஜொலித்தது. நூற்றுக்கணக்கான போலி நட்சத்திரங்கள்! மின்மினிகள் மொய்க்கும் தோப்பில் நின்று ஒருவன் துருவ நட்சத்திரத்தைத் தேடினால் என்ன ஆவான்? ரொசெட்டாவும் அப்படித்தான் தவித்தது. திசை தவறியது. ஆன்டெனா பூமியை விட்டு விலகத் தொடங்கியது. உடனே கலம் தற்காப்பு நிலைக்குப் போய், ஆராய்ச்சிக் கருவிகளை எல்லாம் தானே நிறுத்திவிட்டது.

விஞ்ஞானிகள் அதை வால் நட்சத்திரத்தில் இருந்து வெகு தூரம் விலகச் செய்து, நிலைப்படுத்தினார்கள். பிறகு பல மாதங்கள் தள்ளி நின்றே ஆராய வேண்டியதாயிற்று. அந்த ஆகஸ்டில் வால் நட்சத்திரம் சூரியனை நெருங்கி, மிகுதியாகப் பொங்கிய நேரத்தில்கூட, ரொசெட்டா 300 கிலோமீட்டர் அளவுக்கு ஒதுங்கி நின்றது.

2016-ம் ஆண்டு மே 28-ந் தேதி மறுபடியும் அதே கதை. அப்போது உயரம் 5 கிலோமீட்டர்தான். ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் கலத்தின் குரலே கேட்கவில்லை. பிறகு மீண்டது.

இவ்வளவுக்கும் நடுவில் ரொசெட்டாவின் தூசிக் கருவிகள் தம் வேலையைச் செய்தன. ஒரு கருவி, விரல் நகம் அளவுள்ள சிறு தகடுகளை வெளியே நீட்டி, 35,000-க்கும் அதிகமான துகள்களைப் பிடித்தது. பல துகள்கள் பஞ்சுபோல மென்மையாக இருந்தன. மெதுவாகத் தகட்டில் பட்டதுமே உதிர்ந்துபோயின. சூரியனும் பூமியும் உண்டான காலத்துத் தூசி அது. 450 கோடி ஆண்டுகளாகப் பனிக்குள் கெடாமல் கிடந்த தூசி!

2016-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, ரொசெட்டாவை அந்த வால் நட்சத்திரத்தின் மீதே மெதுவாக இறக்கி, அதன் பணியை முடித்தார்கள்.

வாசலில் தெரியும் தூசி

ஹாலி வால் நட்சத்திரம் மறுபடி 2061-ல் வரும். இன்று பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் அதைப் பார்க்கலாம்.

ஆனால் ஹாலியின் தூசியைப் பார்க்க அதுவரை காத்திருக்க வேண்டியது இல்லை. அது போன வழியெல்லாம் தூசியைச் சிந்திவிட்டுப் போயிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மே மாத முதல் வாரத்திலும், அக்டோபர் மாதம் மூன்றாம் வாரத்திலும் பூமி அந்தத் தூசிப் பாதையின் குறுக்கே போகிறது. அப்போது விடியற்காலை இருட்டில் வானத்தைப் பார்த்தால், எரிநட்சத்திரங்கள் கோடு கிழித்து மறைவதைக் காணலாம். அவை ஹாலியின் தூசிகள்தான். வேகமும் வினாடிக்குச் சுமார் 66 கிலோமீட்டர். ஜியோட்டோவின் கண்ணைப் பறித்த தூசிக்கும் கிட்டத்தட்ட அதே வேகம்தான்!

அந்தத் தூசி பூமியில் உள்ளவர்களை ஒன்றும் செய்வது இல்லை. காரணம், தலைக்கு மேலே காற்று மண்டலம் இருக்கிறது. 100 கிலோமீட்டர் உயரத்திலேயே தூசி எரிந்து அடங்கிவிடுகிறது. விப்பிள் கண்டுபிடித்த கவசத்தைவிடப் பெரிய கவசம் அது.

அந்தக் கவசத்தை விட்டு வெளியே போய், அடிபட்டு, கண்ணையும் இழந்து, வால் நட்சத்திரத்தின் முகத்தை மனிதனுக்குக் காட்டியது ஜியோட்டோ. அது இன்றும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பேச்சு இல்லை, பார்வை இல்லை. ஆனால் அது அனுப்பிய படங்கள் பூமியில் பத்திரமாக இருக்கின்றன.